ஷல்பியாவுக்கு வந்த எழுபது பரங்கிக்காய்கள்

எங்கள் ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் வீட்டில் தேடுவார்கள். செப்டம்பர் மாதமாக இருந்தால் வீட்டில் தேடமாட்டார்கள், நேரே ஷல்பியாவின் வேலிக்குப் போவார்கள்.

ஷல்பியாவின் புருஷன் தாஹர் இறந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பிள்ளை இல்லை. பாகம் பிரித்த கொழுந்தன்மார் இருவரும் ஆலிவ் தோப்பைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, காட்டாறு வளைகிற இடத்தில் இருந்த பள்ளத்து நிலத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள் என்றும் சொல்வார்கள். நான் அப்போது அங்கே இல்லை, ஆனால் அந்த இருவரையும் தெரியும், சிரித்திருப்பார்கள். அந்த ஆறு பெயருக்குத்தான் ஆறு. வருஷத்தில் பதினோரு மாதம் அதன் நடுவில் ஓணான் படுத்து வெயில் காயும். மீதி ஒரு மாதம் அது யார் சொல்வதையும் கேட்காது.

கோடை முடியும் சமயத்தில் தெற்கேயிருந்து ஷெஹிலி காற்று நாலைந்து நாள் அடிக்கும். ரொட்டி சுடும் அடுப்பைத் திறந்து முகத்தை உள்ளே விட்டதுபோல் இருக்கும். ஈ கடிக்கும். கழுதை காரணமில்லாமல் உதைக்கும். பிறகு ஒரு மத்தியானம் மேற்கே மலைமேல் கறுத்துக்கொண்டு வரும். அந்த முதல் மழையை நாங்கள் களங்கழுவி என்போம். பார்லியும் கோதுமையும் அடித்து முடித்த களத்தில் ஒட்டிக் கிடக்கும் உமியைக் கழுவிக்கொண்டு போவதால் அந்தப் பேர். உமியோடு நின்றால் யாருக்கும் வருத்தமில்லை. மாடியில் காய்கிற குஸ்குஸ் என்னும் கோதுமைக் குருணை, பாயில் காய்கிற அத்திப்பழம், சுவரில் தொங்கும் மிளகாய்ச் சரம், மண் பூசி மூடாமல் விட்ட வைக்கோல்போர், எதையும் அது விட்டுவைப்பதில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே, நல்ல வெயிலில், மலையில் பெய்த தண்ணீர் ஆற்றில் ஆள் உயரத்துக்கு வந்து நிற்கும். வருவதற்குக் கொஞ்சம் முன்னால் லாரியில் கல் கொட்டுகிற சத்தம் கேட்கும். அப்போது ஆற்றுக்குள் இருப்பவன் மேலே ஏற வேண்டியதுதான், பொருளைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது.

பள்ளத்து நிலம் கைக்கு வந்த முதல் வருஷமே ஷல்பியா அதைக் கவனித்துவிட்டாள். வெள்ளம் வளைவில் வேகம் குறைந்து, கொண்டுவந்ததையெல்லாம் அவள் நிலத்தில் இறக்கிவிட்டுப் போனது. ஒரு கதவு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, உயிரோடு ஒரு வெள்ளாடு. அவள் அடுத்த வருஷம் வளைவு நெடுகச் சப்பாத்திக்கள்ளி நட்டாள். கள்ளிக்கு முன்வரிசையாக ஆற்றோரப் புதர்க் கிளைகளை வெட்டி ஊன்றி, நடுநடுவே பழைய இரும்புக் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கட்டினாள். கேட்டவர்களிடம் மண் அரிப்பைத் தடுக்க என்றாள். மண் அரிப்பைத் தடுக்கிற வேலி எதற்குச் சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து அவளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. உயிருள்ளது வந்தால் திருப்பிக் கொடுப்பாள், ஆனால் சொந்தக்காரன் ஒரு நாள் அவள் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். உயிரில்லாதது வந்தால் அடையாளம் சொல்ல வேண்டும். தின்பது வந்தால் அது அவளுடையது, பேச்சே கிடையாது.

அடையாளம் கேட்பதில் அவள் கெட்டிக்காரி. ஒருவன் தன் கதவைத் தேடி வந்தான்.

"எந்தப் பக்கம் திறக்கும்?" என்றாள்.

"உள்பக்கம்."

"இது ரெண்டு பக்கமும் திறக்குதேப்பா. சட்டத்துல மாட்டி வச்சா நானே காட்டுவேன். நீ போய்ச் சட்டத்தக் கொண்டா."

அவன் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தான். பொருந்தியது. அவள் கதவைக் கொடுத்துவிட்டு, தேநீரும் கொடுத்து, அவன் மனைவியின் பிரசவம், மாமியாரின் மூட்டுவலி எல்லாம் விசாரித்து, பொழுது சாய்கிறபோதுதான் விட்டாள். யாரும் தேடி வராத பொருள்தான் அவளுக்குப் பிடிக்காது. ஒருமுறை ஒற்றைச் செருப்பு ஒன்று இரண்டு வருஷம் வேலியிலேயே தொங்கியது. "காலு ரெண்டு இருக்கிறவன் எவனும் வரலியே" என்று அதைப் பார்த்துத் திட்டுவாள். ஊருக்கு வெளியே, தனி வீட்டில், பேச்சுத் துணைக்கு ஒரு கழுதையை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தவள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். வியாழக்கிழமைச் சந்தைக்கு இந்தப் பக்கத்து விளைச்சலை ஏற்றிப் போவது என் வேலை. அதனால் யார் வீட்டில் என்ன விளைந்தது, எது கெட்டது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். லரூஸியும் ஷல்பியாவும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதும் அப்படித்தான் தெரியும்.

லரூஸி அறுபது வயதுக்காரர், மனைவியை இழந்தவர், சிவப்புக் குல்லாவைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறவர். ஊர் அவரை மரியாதையாக ஸி லரூஸி என்று கூப்பிடும். அவர் நிலம் ஷல்பியாவின் நிலத்துக்கு மேலே, ஆற்றோரமாக. அது போதாதென்று ஆற்றுக்குள்ளேயே பரங்கி போடுவார். ஈரம் இருக்கிற மணல், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், வரி கிடையாது. ஆகஸ்டு கடைசியில் காய் முற்றிவிடும். ஆனால் பறிக்கமாட்டார். எல்லாரும் விற்றுத் தீர்த்தபிறகு அக்டோபரில் விலை ஏறும் என்று விட்டுவைப்பார். ஒவ்வொரு வருஷமும் களங்கழுவி அவருக்கு முன்னால் அறுவடை செய்துவிடும். பரங்கிக்காய் நன்றாக மிதக்கும். மிதந்து எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷம் பொறுக்கமாட்டாமல் வேலிக்கு வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன், காய்களை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஷல்பியா, இதெல்லாம் என் காயி."

"எது உங்களுது, ஸி லரூஸி? பேரு சொல்லிக் கூப்பிடுங்க. திரும்பிப் பாத்தா கூட்டிட்டுப் போங்க."

"பரங்கிக்காய்க்கு யாரு பேரு வைப்பா?"

"கழுதைக்குக் கூட வைக்கிறோமே. காய்க்கு வைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அவர் திரும்பி நடந்தார். போகிறபோது எதையோ யோசித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஜூன் மாதம், காய்கள் முஷ்டி அளவு இருக்கும்போது, லரூஸி ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி ஒவ்வொரு காயிலும் தன் பெயரைக் கீறினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். பிஞ்சுத் தோலில் கீறினால் அந்தத் தழும்பு காயோடு சேர்ந்து பெரிதாகும். காய் முற்றும்போது எழுத்தும் முற்றிவிடும். காப்பிக்கடையில் உட்கார்ந்து, "இந்தத் தடவ அந்த ஆறு படிச்சிட்டு வரட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதை நான்தான் ஷல்பியாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லாமல் எப்படி இருப்பது?

அவள் கேட்டுவிட்டு, "எப்பிடி எழுதியிருக்காரு? பேரு மட்டுமா? முன்னால பின்னால எதுவும் இல்லியா?" என்றாள்.

"பேரு மட்டும்தான் அக்கா."

"பாவம், தனியா நிக்குது" என்றாள்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் அவள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு நடந்த மாலை வகுப்பில் எழுத்துக் கற்றிருந்தாள். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியை லத்தீஃபா. எழுத்து வந்தது, அழகு வரவில்லை. எங்கள் எழுத்துக்குப் புள்ளி முக்கியம். ஷல்பியா புள்ளி வைப்பது சூப்பில் உப்புத் தூவுவதுபோல, விழுந்த இடத்தில் விழட்டும் என்று. ஜூலை மத்தியானங்களில் ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது, அவள் ஓர் ஆணியோடு ஆற்றில் இறங்கினாள். ஒரு வாரம். லரூஸியின் பெயருக்கு முன்னால் இரண்டே சொற்களைச் சேர்த்தாள். எங்கள் மொழியில் 'இடமிருந்து' என்பதும் பெயருக்கு முன்னால்தான் வரும். சேர்த்துப் படித்தால்: ஷல்பியாவுக்கு, லரூஸியிடமிருந்து.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சில நாள் கழித்து லரூஸி ஒரு காயைத் தூக்கிக்கொண்டு என் வண்டிக்கு வந்தார்.

"மோன்ஜி, இதப் பாரு. தோல்ல என்னமோ கீறல் கீறலா வருது. எல்லாக் காயிலயும் இருக்கு. நோயா?"

பார்த்தேன். கோழி கிளறிய தடம் மாதிரி இருந்தது, ஆனால் எனக்குப் படிக்க முடிந்தது. அல்லா மன்னிக்கட்டும், வாயிலிருந்து தானாக வந்தது.

"வெடிப்பு நோய் அண்ணே. வெயில் சூட்டுக்கு வரும். ஒண்ணும் ஆகாது."

அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். காயை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் வந்தது. ஐந்து நாள் ஷெஹிலி. ஆறாம் நாள் காலையிலேயே எறும்புகள் புற்று வாயை மூடிவிட்டன. ஊர் முழுக்க ஓட்டம். பெண்கள் மாடியில் குஸ்குஸைத் துணியோடு சுருட்டினார்கள். உம்தா, அதாவது எங்கள் ஊரின் அரசாங்க ஆள், சட்டை கூடப் போடாமல் வைக்கோல்போர் மேல் ஏறி நின்று மண் பூசிக்கொண்டிருந்தார். பிறகு உத்தியோக மரியாதை ஞாபகம் வந்து, மேலே நின்றபடியே சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் வண்டியை நிறுத்தி லரூஸியிடம் கேட்டேன்.

"காயப் பறிக்கலியா அண்ணே? மலை கறுத்துடுச்சு."

"விலை ஏறட்டும்" என்றார். கொதித்துக் கறுத்த தேநீர்போல் வானம் இருந்தது, அவர் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

நடுப்பகல் தாண்டி கல் கொட்டுகிற சத்தம் கேட்டது. பழுப்பு நிறத் தண்ணீர், மேலே நுரை, நுரைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் தலைகள் வரிசையாக முங்கி முங்கி வந்தன. ஒரு கல்யாண ஊர்வலம் அவசரமாக நீந்திப் போவதுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் ஷல்பியாவின் வேலிப் பல்லில் எல்லாம் வந்து மாட்டிக்கொண்டன. தண்ணீர் வடிந்தபோது எண்ணினோம், எழுபது.

லரூஸி தனியாக வரவில்லை. உம்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். லத்தீஃபா டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பிக்கடை தானாகவே பின்னால் வந்தது. எல்லார் காலிலும் முழங்கால்வரை சேறு.

"இந்தத் தடவ பேரு இருக்கு" என்றார் லரூஸி. "டீச்சரம்மா, ஊரு கேக்கப் படிங்க."

டீச்சர் ஒரு காயைத் துடைத்தார். காய் முற்றி, கீறல் விரிந்து, கோழித்தடம் எல்லாம் எழுத்தாகியிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாடம் நடத்துகிற குரலில் படித்தார்.

"ஷல்பியாவுக்கு, லரூஸியிடமிருந்து."

கூட்டம் முண்டியடித்துக் காயைப் பார்க்க வந்தது.

"இன்னொண்ணு படிங்க" என்றார் உம்தா.

"ஷல்பியாவுக்கு, லரூஸியிடமிருந்து."

"இது?"

"அதேதான். எழுபதுக்கும் இதே வாசகம்தான்னு நினைக்கிறேன்."

பின்னாலிருந்து யாரோ ஒருவன் கல்யாணத்தில் பெண்கள் இடுகிற குலவையை இட்டான். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு. எங்கள் பேச்சில் லரூஸி என்ற பெயருக்குள் மாப்பிள்ளை என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அதை அன்று ஒவ்வொருவனும் தானே கண்டுபிடித்ததுபோல் சொன்னான்.

"பேரு உங்க கையெழுத்துதானே?" என்று உம்தா கேட்டார்.

"பேரு என்னுதுதான்."

"அப்ப கொடுத்தத எப்பிடித் திரும்பக் கேக்கிறீங்க?"

லரூஸி குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவமானம் என்று நினைத்தோம். ஷல்பியா வேலிக்கு உள்ளே இடுப்பில் கைவைத்து நின்றாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை.

அந்த முகம் மூன்று நாள் இருந்தது.

மூன்றாம் நாள் லரூஸியின் அக்கா மன்னூபியா, பெண் கேட்கும் முறைப்படி தட்டு நிறைய பேரீச்சம்பழ இனிப்பும் மருதாணியும் சர்க்கரைக் கூம்பும் எடுத்துக்கொண்டு பள்ளத்து நிலத்துக்கு வந்து சேர்ந்தாள். காப்பிக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம் தம்பி ஒப்புக்கொண்டுவிட்டானாம். ஆமாம், நான்தான் அனுப்பினேன், அவளும் வாங்கிக்கொண்டாள், மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டானாம்.

ஷல்பியா என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மோன்ஜி, இது வம்பா போச்சு. நான்தான் கீறினேன்னு சொன்னா ஊரு முன்னால திருடி. சொல்லலேன்னா கல்யாணப் பொண்ணு."

"எது தேவலைங்கிறே அக்கா?"

"வாய மூடிட்டு அந்த இனிப்பத் தின்னு. தின்னுட்டுப் போய் அவருகிட்ட மட்டும் சொல்லு, நான்தான் கீறினேன்னு. மனுசன் வீணா ஆசப்படக் கூடாது."

தட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போனேன். லரூஸி காப்பிக்கடை வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக யாரும் அவரைக் காப்பிக்குக் காசு கொடுக்க விடவில்லையாம். காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ வெடிப்பு நோய்னு சொன்னப்பவே உன் மூஞ்சி சரியில்ல. காய எடுத்துட்டு நேரா டீச்சர்கிட்ட போனேன். அவங்க ஒரே பார்வையில, எழுத்து என்னன்னும் சொன்னாங்க, எழுதினது யாருன்னும் சொன்னாங்க. புள்ளிய வச்சே சொல்லிட்டாங்க."

"அப்ப ஜூலையிலேயே தெரியுமா? தெரிஞ்சா ஆத்தோட விட்டீங்க?"

"விட்டேன்" என்றார். "விலை ஏறுதான்னு பாத்தேன்."

இதை அப்படியே போய்ச் சொன்னேன். ஷல்பியா முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சிவந்தது. கழுதையைக் கூட அவிழ்க்காமல் நடந்தே ஊருக்குள் வந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் காப்பிக்கடைக்குள் போவதில்லை. அவள் வாசலில் நின்றாள், அது போதுமானதாக இருந்தது. உள்ளே சீட்டாட்டம் நின்றது.

"ஸி லரூஸி, வெளிய வாங்க."

வந்தார்.

"எழுபது காயி. தெரிஞ்சே விட்டீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"வருசா வருசம் நீயே சிரிச்சிட்டு இருந்தா எப்பிடி? ஒரு வருசம் நானும் சிரிக்கலாம்னுதான்."

"சிரிக்கத்தான் அக்காவ மருதாணியோட அனுப்பினீங்களா?"

அவர் குல்லாவைத் தொட்டார், கழற்றவில்லை. "அத அனுப்பறப்ப சிரிக்கல" என்றார்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கடை வாசலில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஷல்பியா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். திரும்பி நடந்துவிட்டாள்.

இரண்டு வாரம் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அதற்குள் இரண்டாவது மழை பெய்தது, இது நல்ல மழை, சாந்தமாக ராத்திரியும் பகலும் நனைத்தது. சுருங்கிக் கிடந்த ஆலிவ் காய்கள் உருண்டன. நத்தைகள் வேலியில் ஏறின. ஊரில் எல்லாரும் கலப்பையை வெளியே எடுத்தார்கள். அந்த ஈரத்தில் அவள் தன் கழுதைமேல் லரூஸி வீட்டு முற்றத்துக்குப் போய், இறங்காமலே பேசினாள். அக்கா மன்னூபியா அதை எனக்கு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"கல்யாணம் வேணாம், ஸி லரூஸி. நீங்க கெட்டவர்னு சொல்லல. நான் அந்தப் பள்ளத்துல ஒம்பது வருசமா என் சட்டத்துல இருக்கேன். இன்னொருத்தர் சட்டத்துக்கு இனிமே பழக முடியாது."

"சரி" என்றாராம் அவர்.

"சரின்னா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்ல? கேட்டேன், சொல்லிட்டே. பரங்கிய என்ன பண்ணினே?"

"முப்பது வித்தேன். மீதி வீட்டுல உருளுது. உங்க காயி தண்ணி கோத்துக்கிச்சு, ருசியே இல்ல. ஆத்து மணல்ல போட்டா அப்பிடித்தான் இருக்கும். என் நிலத்துல வெள்ளம் போட்ட வண்டல் முழங்கால் ஆழம் இருக்கு. அதுல போட்டுப் பாத்திருந்தீங்கன்னா தெரியும்."

"நீ இடம் விட்டாத்தானே போட?"

அவள் கழுதையைத் திருப்பிக்கொண்டே சொன்னாளாம்: "விதை உங்களுது, மண்ணு என்னுது, விளையறது பாதிப் பாதி. வேலியத் தொடக் கூடாது."

மன்னூபியாவுக்குத்தான் கோபம். தட்டையாவது திருப்பி அனுப்பு என்று ஆள் விட்டாள். தட்டு போனது. இனிப்பு என் வயிற்றில் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. ஊர் இன்னும் அவர்களுக்கு நாள் குறித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் குறிக்கவில்லை. அவர் காலையில் பள்ளத்து நிலத்துக்கு வருவார், மத்தியானத் தேநீர் அங்கேயே, பொழுது சாயுமுன் தன் வீட்டுக்கு. இந்த இலையுதிர் காலத்தில் பரங்கி எடுத்த இடத்தில் அவரைக்கொட்டை விதைக்கப் போகிறார்கள். நேற்று விதை மூட்டையை இறக்கப் போனபோது இருவரும் வரப்பில் நின்று, விதையை எத்தனை நாள் ஊறவைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளு" என்றார் லரூஸி.

"ஒரு நாளு. ரெண்டு நாளு ஊறினா அழுகிடும்."

"எங்கப்பா ரெண்டு நாளு ஊற வச்சாரு."

"அதான் உங்க வீட்டுல அவரைக்காய் விளைஞ்சு நான் பாத்ததே இல்ல. மோன்ஜி, நீ சொல்லுப்பா."

நான் மூட்டையைப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினேன். எனக்குச் சந்தைக்கு நேரமாகிவிட்டது என்றேன். அது திங்கட்கிழமை.